நாற்காலிக்கு வைத்த சந்தனம்

ஆயுத பூஜை முடிந்து நாலு நாளாக எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கும் மின்சார நாற்காலி நகரவே இல்லை.

நாத்தனார் ருக்மிணிக்கு நடக்க முடியாது. பெருமாள் இருப்பதோ மாடியில். தினமும் அந்த நாற்காலியில் போய்த் தன் கையால் பூ சாற்றினால்தான் அவளுக்குக் காபியே இறங்கும். நாலு நாளும் கீழிருந்தே கும்பிட்டாள்.

தசரா கூட்டமெல்லாம் ஓய்ந்து இன்றுதான் மெக்கானிக் மஞ்சுநாத் வந்தார். நாற்காலி ஓடும் தண்டவாளத்தின் கீழ்முனையைச் சுரண்டி விரலைக் காட்டினார்.

"இது என்னம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"சந்தனம்."

"நாற்காலி சார்ஜ் ஆகிற இடமே இதுதாம்மா. இது காய்ந்து கிடந்தால் கரண்ட் எப்படிப் போகும்?"

பூஜைக்கு எதெதற்குப் பொட்டு வைக்க வேண்டும் என்று பட்டியல் எழுதி வைத்திருப்பவள் நான். மிக்ஸி முதல் அரிவாள்மணை வரை ஒன்றும் விட்டதில்லை.

"மன்னி அதுக்குப் பன்னிரண்டு திருமண் இட்டா. வைகுண்டத்துக்கே கூட்டிண்டு போகும்னு பார்த்தேன், மாடிக்கே போகலை" என்றாள் ருக்மிணி.

துடைத்துக் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறியதும் நாற்காலி முனகிக்கொண்டே கிளம்பியது. மடியில் பூக்கூடையோடு போனவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த வருஷம் பூ மட்டும் வையுங்க, பொட்டு வேண்டாம்" என்று மஞ்சுநாத் கண்டிப்பாகச் சொன்னார். தலையாட்டிக்கொண்டே வாசல் வரை வந்தேன். அவருடைய பைக் ஹெட்லைட்டைப் பாதி மறைத்துச் சந்தனம், நடுவில் பெரிய குங்குமப் பொட்டு.

படிக்கிற நீங்களே சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் பொட்டு வைத்து எது ஓடாமல் நின்றது?