சும்மா ஓடுகிறவன்

என்னைப் போன்றவன் பத்திரிகைக்கு எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில், பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், எங்கள் மீனவர் குப்பத்தில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம், படகைக் கரையேற்றும்போது சேற்றில் வழுக்கி விழுந்தேன். படகு அப்படியே என் வலது முட்டியின் மேல் சாய்ந்துவிட்டது. எலும்பு உடையவில்லை. ஆனால் முட்டி வீங்கி, காலை ஊன்ற முடியாமல் போயிற்று.

பொன்னேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வீக்கம் வடிந்த பிறகு அவர் சொன்ன வைத்தியம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. படுத்தே கிடந்தால் முட்டி மடங்காமல் போய்விடும், தினமும் சைக்கிள் மிதிக்க வேண்டும், வலி குறையக் குறைய ஈரமணலில் மெதுவாக ஓடிப் பழக வேண்டும், படகு தள்ளுவதும் வலை இழுப்பதும் மட்டும் இப்போதைக்குக் கூடாது என்றார்.

படகில் என் இடம் காலியாக இருந்தால் வீட்டுக்குப் பங்கு வராது. என்ன செய்வது என்று விழித்துக்கொண்டிருந்தபோது என் மனைவியின் தம்பி வந்தான். சைக்கிளில் இறால் கூடையைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போய் விற்று வருகிறவன். படகைவிட அவனுக்கு அந்தச் சைக்கிள்தான் உயிர். சக்கரக் கம்பிகளில் கலர் மணி கோத்து வைத்திருப்பான். அதைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான்.

"மாமா, இத்த நீ மிதி. ஒன் எடத்துல நான் ஏறிக்கிறேன். கால் சரியானதும் எடத்த நீ வாங்கிக்கோ, வண்டிய நான் வாங்கிக்கிறேன்."

"ஒனக்கு இன்னாத்துக்குடா இந்தப் பேஜாரு?" என்றேன்.

"பெல்ல மட்டும் ஒடைச்சிடாத நைனா. மெட்ராஸ்ல வாங்கினது" என்று சிரித்துவிட்டுப் போனான்.

முதலில் காட்டூர்ப் பக்கம் போகும் ரோட்டில் மெதுவாகச் சைக்கிள் மிதித்தேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஓட ஆரம்பித்தபோதுதான் வந்தது வினை. எங்கள் கரையில் பெரியவர்கள் யாரும் ஓட மாட்டார்கள். ஓடினால் படகு கவிழ்ந்தது என்று அர்த்தம், இல்லை உயிர் போய்விட்டது என்று அர்த்தம். நான் ஓடிய முதல் நாளே பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

"இன்னா ஆச்சி? யாரு படகு?"

"ஒண்ணுமில்ல. டாக்டர் ஓடச் சொன்னாரு."

"வயித்துல புளியக் கரைச்சிட்டியே, பாவி! ஓடறதுன்னா எங்கனா காட்டுப் பக்கம் போய் ஓடேன்" என்று ஒரு பெரியம்மா திட்டித் தீர்த்தார்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. இனி ஓடவே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி விடவில்லை. வீடு வீடாகப் போய், "எங்க ஊட்டுக்காரரு ஓடனா யாரும் பயப்படாதீங்க, அது கால் வைத்தியம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஊரும் பழகிவிட்டது. என்னைப் பார்த்தால், "அவன் சும்மா ஓடறான்" என்று தங்கள் வேலையைப் பார்த்தார்கள். என் மனைவி மணலில் இறால் காயவைத்தபடியே, உள்ளங்கையைக் கீழே அமர்த்தி, மெல்ல, மெல்ல என்று காட்டுவாள். படகு என்னைத் தாண்டிப் போனால் மச்சான் கத்துவான்: "மாமோவ்! பின்னால போலீசு வருது!"

கார்த்திகை பாதியில் முட்டி நன்றாக மடங்கியது. அடுத்த வாரம் படகேறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மச்சான் அன்றே சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போனான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ரோடு முடிகிற இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு முகத்துவாரம் வரைக்கும் மணலில் ஓடினேன். வாடைக்காற்று பலமாக இருந்தது. எங்கள் படகு கடலிலிருந்து ஏரிக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு அலை தூக்கியது. அடுத்த அலையில் படகு குப்புறக் கவிழ்ந்தது. அந்த இடம் ஊரிலிருந்து தெரியாது. பார்த்தவன் நான் ஒருவன்தான்.

திரும்பி ஊரை நோக்கி ஓடினேன். காற்று முகத்தில் அறைந்தது. பிறந்ததிலிருந்து உரக்கப் பேசாதவன், கத்தினேன். கத்தியது எனக்கே கேட்கவில்லை. தூரத்தில் பெண்கள் தெரிந்ததும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினேன். ஒருவரும் எழவில்லை. என் மனைவி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். சிரித்தபடி வலது கையை உயர்த்தி, மெல்ல, மெல்ல என்று காட்டினாள்.

நான் இன்னும் வேகமாக ஓடினேன். அவள் கோபமாக எழுந்து வந்தாள். "இப்டி ஓடனா முட்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தபோது அவள் காலடியில் விழுந்திருந்தேன். "படகு" என்ற ஒரு சொல்தான் வந்தது.

ஆண்கள் படகுகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்த மூன்று பேரைத் தூக்கி வந்தார்கள். மச்சானின் கால் வலைக்குள் சிக்கியிருந்தது. அவனை உச்சி வெயிலில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

பிழைத்தவர்களில் வயதானவர் என் தோளைப் பிடித்து, "நீ பறந்தே வந்திருந்தாலும் அவன் போயிருப்பான்பா" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை. என் மனைவி தம்பியின் தலைமாட்டில் அழுதபோது, வலது கையைப் புடவைக்குள் சுற்றி மறைத்து வைத்திருந்தாள்.

அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது எங்கள் கரைக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் விளையாட்டாக ஓடுவார்கள். என் மனைவி கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து, அவர்கள் நிற்கும் வரை நின்று பார்ப்பாள். நானும் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். அவளுக்கு நான் சொல்ல முடிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

மச்சான் போனதற்கு மறுநாள் காலை, ரோடு முடிகிற இடத்தில் நான் விட்டு வந்த சைக்கிளை யாரோ தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.