மனுவில் கூரை இல்லை

நான் நூலகர் ஆனது புத்தகங்களின் மீதிருந்த காதலால் என்று சொன்னால் என் அம்மாவே சிரிப்பார். வங்கித் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவதாக எழுதிய தேர்வில் நூலகம் கிடைத்தது. காரைக்குடிக்கும் மானகிரிக்கும் நடுவே ஓர் ஊரில், ஓட்டுக் கட்டடத்தில் கிளை நூலகம். முதல் நாள் போனபோது உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், இன்னொருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஒரே நாளிதழை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டுப் பக்கத்தை யார் முதலில் படிப்பது என்பதில் வந்த சண்டையாம். எந்த வருடம் வந்தது என்று இருவருக்குமே நினைவில்லை.

மூன்றாவது ஆள் பக்கத்து இட்லிக் கடை அக்கா. ஐம்பது வயதிருக்கும். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்து, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, குறட்டை விடுவார். தமிழாசிரியர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தார்.

“இது நூலகமா, சத்திரமா? இங்க உக்காந்தா எதையாச்சும் வாசிக்கச் சொல்லும்மா.”

சொன்னேன். அக்கா கண்ணைத் திறக்காமலே, “எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதுத்தா. தெரிஞ்சவுக மட்டும் என்ன, பேப்பரை மூஞ்சியில போட்டுக்கிட்டுத்தானே தூங்குறாக?” என்றார்.

கண்டக்டர் முகத்திலிருந்த பேப்பரை அவசரமாக எடுத்தார்.

மறுநாளே தமிழாசிரியர் அக்காவுக்கு அ, ஆ ஆரம்பித்துவிட்டார். “இந்த வேகத்துல போனா அந்தம்மா இட்லிக் கடைய மூடிட்டுத்தான் உயிர்மெய்க்கு வரும்” என்று சுவரைப் பார்த்துச் சொன்ன கண்டக்டர், தன் பங்குக்கு பஸ் பலகைகளைச் சொல்லிக் கொடுத்தார். காளையார்கோவில், சிங்கம்புணரி. இரண்டு வாத்தியார்களுக்கும் போட்டி. ஆனால் அக்கா யார் உதவியும் இல்லாமல் முதலில் வாசித்தது நாளிதழில் பெரிய எழுத்தில் இருந்த ‘கண்ணீர் அஞ்சலி’. வாசித்துவிட்டு, செத்தவர் யாரென்றே தெரியாமல் கைதட்டினார்.

எழுத்துகளோடு அவருக்கு ஓயாத சண்டை. “ர, ற ரெண்டும் ஒரே சத்தம்னா எதுக்கு ரெண்டு? ஒண்ணைக் கழிச்சு விடுங்க வாத்தியாரே” என்றார் ஒருநாள். தமிழாசிரியர் அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்த வருட ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. வரலாற்று அலமாரி முழுக்க நனைந்தது. சமையல் புத்தகங்கள் மட்டும் தப்பின. அவை எப்போதும் யார் வீட்டிலாவதுதான் இருக்கும். நான் மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

“நீ அரசாங்கத்து ஆளு, நீ கேட்டா யாரு மதிப்பாக? நாங்க கேக்குறோம்” என்றார் அக்கா. “திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குறாகள்ல?”

தமிழாசிரியர் இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினார். கண்டக்டர் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். முழுக்க வாசிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் அக்கா. விரலை வைத்து, வரி வரியாக, அரை மணி நேரம் வாசித்தார். பிளாஸ்டிக் வாளியில் சொட்டும் தண்ணீரைக் கேட்டபடி நாங்கள் காத்திருந்தோம். கடைசியில் நிமிர்ந்தார்.

“எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீக. கூரை ஒழுகுதுன்னு எங்குட்டு எழுதியிருக்கீக?”

தமிழாசிரியர் தாளை வாங்கித் தேடினார். தமிழின் தொன்மை இருந்தது. நூலகத்தின் மாண்பு இருந்தது. கலெக்டரின் கருணை இரண்டு இடத்தில் இருந்தது. கண்டக்டரின் வரி, நூலகத்துக்கு எதிரே பஸ் நிறுத்தம் கேட்டது. கூரையைக் காணோம்.

“நீராவது பார்த்திருக்கலாமேய்யா?” தமிழாசிரியர் கண்டக்டரிடம் கேட்டார். நான் அறிய அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

“நீங்க எழுதுனா தப்பிருக்காதுன்னு நம்பிட்டேன் வாத்தியாரே.”

அக்கா ஒரு வெள்ளைத் தாளை இழுத்துத் தானே எழுதினார். நூலகம் ஒழுகுது. புத்தகம் நனையுது. ஓடு மாத்திக் குடுங்க. ‘ஒழுகுகிறது’ என்று திருத்தத் தமிழாசிரியரின் கை நீண்டது. “கை வைக்காதீக” என்றார் அக்கா.

அடுத்த மூன்று நாள், அவர் கடையில் கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் இரண்டாவது கரண்டி சட்னி. நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதவர்கள்கூடப் போட்டார்கள். நாலைந்து பேர் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்று பார்க்க உள்ளே வந்தார்கள். திங்கட்கிழமை மூவரும் பஸ் ஏறிச் சிவகங்கைக்குப் போனார்கள். மனுவை வாங்கிய அதிகாரி ஒரே மூச்சில் வாசித்துவிட்டு, “வேறென்ன?” என்றாராம்.

“வேற ஒண்ணுமில்லீங்க. அம்புட்டுத்தான்” என்றிருக்கிறார் அக்கா.

தை பிறப்பதற்குள் ஓடு மாற்றினார்கள். இப்போது மத்தியானங்களில் எட்டுப் பத்துப் பேர் வருகிறார்கள். படிக்க அல்ல, மனுவோடு வருகிறார்கள். கேட்க வந்தது அதில் இருக்கிறதா என்று அக்கா வாசித்துப் பார்த்துச் சொல்கிறார். போகும்போது நான் உறுப்பினர் படிவத்தை நீட்டுகிறேன். பாதிப் பேர் வாங்கிக்கொள்கிறார்கள்.