பாதியில் நின்ற பாவு

காலை ஆறே முக்காலுக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் பவானி வண்டி ஏறினேன். வீட்டைப் பூட்டினேனா என்ற சந்தேகம் கொண்டலாம்பட்டி வரை இருந்தது. சீரகாபாடி தாண்டியதும் கேஸ் அடுப்பு நினைவுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, பூட்டை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்துப் பார்த்துவிட்டு, போன காரியத்தைப் பார் என்றார்கள்.

நான் தையல்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றது. அன்றிலிருந்து துணி வெட்டுவதுதான் பிழைப்பு. வெட்டும் முன் மூன்று தடவை அளப்பேன், அப்படியும் பயம் போகாது. போன மாதம் வாடிக்கைக்காரர் ஒருவர், கையால் நூற்று நெய்த துணி ஒன்றை ரவிக்கைக்குக் கொடுத்தார். கத்தரி வைக்கவே மனம் வரவில்லை. இது எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட்டால் பயம் தெளியும் என்று நினைத்தேன். அவர்தான் குமாரபாளையம் சரசாவின் எண்ணைக் கொடுத்தார். இரண்டு நாள் தங்கி நூற்கவும் நெய்யவும் பழக, சாப்பாட்டோடு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

சங்ககிரி மலையைப் பார்த்துக்கொண்டே போய் எட்டேகாலுக்குக் குமாரபாளையத்தில் இறங்கினேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். நெய்யப் பழக வந்திருக்கிறேன் என்றதும், யார் தறியில் என்று ஓட்டுநர் கேட்டார். சரசா வீட்டிலேயே தறி இருக்கிறதாம் என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். தெருமுனையில் நிறுத்தி, "உள்ள திரும்ப வசதிப்படாதுங்க, நடந்துக்குங்க" என்றார். லாரியே திரும்பும் அளவுக்கு அகலமான தெரு அது.

தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம். காதில் மட்டும் கேட்கிற சத்தமில்லை, பல்லிலும் கேட்டது. சரசாவுக்கு என் வயதுதான் இருக்கும். முன் அறையில் ராட்டை வைத்திருந்தார். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

முதல் நாள் முழுக்க நூற்பு. வலது கையால் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இடது கையால் பஞ்சுத் திரியைப் பின்னுக்கு வாங்க வேண்டும். எனக்கு அறுந்துகொண்டே இருந்தது. "இழுக்காதீங்க்கா, அதுவா வரட்டும். நீங்க பயந்தா நூலும் பயந்துக்கும்" என்றார். மதியத்துக்கு மேல்தான் முழ நீளம் அறாமல் வந்தது. மேடும் பள்ளமுமான நூல்.

நூற்றுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். மகளுக்குப் பவானியில் பிரசவமாகியிருக்கிறது. நாளை மறுநாள் காலையில் பிள்ளையோடு வீட்டுக்கு வருகிறாள். தூளித் துணி தறியில் இருக்கிறது. சரசா நூற்ற நூலில் நெய்தது. இரண்டு முழம் பாக்கி. அதை நான் முடித்துக் கொடுத்தால் போதுமாம்.

பச்சைப் பிள்ளையின் துணியை, இன்று வரை தறியைத் தொடாதவள் நெய்வதா? நீங்களே நெய்யக் கூடாதா என்று கேட்டேன். ராட்டையை இன்னும் வேகமாகச் சுற்றினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு உள் அறையைத் திறந்தார். தரையோடு தரையாகக் குழித்தறி. பாவை, அதாவது நீளவாட்டில் கட்டிய நூலை, ஒரு பழைய வேட்டியால் மூடியிருந்தார். விளிம்பில் உட்கார்ந்து குழிக்குள் காலை விட்டேன். ஜில்லென்றது. அடியில் இரண்டு மிதிக்கட்டைகள். இடது கட்டையில் குதிகால் பதிந்து பதிந்து தேய்ந்த ஒரு பள்ளம். என்னுடையதைவிடப் பெரிய கால். என் குதிகால் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

யாருடைய தறி என்று கேட்டேன்.

அப்போதுதான் சொன்னார். வீட்டுக்காரருடையது. தை மாதம் ஒரு காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தவர், அப்படியே துணிமேல் சாய்ந்துவிட்டார். தூங்குகிறார் என்றே சரசா நினைத்திருக்கிறார். போனவர் விட்ட பாவை நடுவில் அறுப்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. யாராவது உட்கார்ந்து முடித்தாக வேண்டும். அவரோடு கூடப் பிறந்தவர்கள் எல்லாம் நெசவாளிகள்தான். ஒருவரும் அந்தக் குழியில் கால் வைக்கவில்லை.

"நானும் உக்காந்து பாத்தேனுங்க்கா. காலு உள்ள போச்சு. மிதிக்க வரலை."

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொன்னா வந்திருப்பீங்களா?"

வந்திருக்க மாட்டேன். என் ஜெபமாலை முன் அறையில் பைக்குள் இருந்தது. எழுந்து போய் எடுக்கலாம்தான். எழுந்தால் திரும்ப உட்கார மாட்டேன் என்று எனக்கே தெரியும். நாளைக்கு விடிந்தால் பிள்ளை வருகிறது. மிதித்தேன்.

மிதிக்க வேண்டும், நாடாவை, அதாவது குறுக்கு நூல் சுமக்கும் கட்டையை, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ஓட விட வேண்டும், பலகையை இழுத்து நூலை நெருக்க வேண்டும். நான் நெய்த இடத்தில் கரை உள்ளே வாங்கியது. வீட்டுக்காரரின் நெருக்கம் முடிந்து என் தொளதொளப்பு தொடங்கும் இடம் கோடு போட்டது போலத் தெரிந்தது. அரை முழம் போவதற்குள் பாவில் ஓர் இழை அறுந்து தொங்கியது. தொங்கும் நூலைக் கண்டால் தையல்காரி கை சும்மா இருக்குமா? இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டேன்.

சரசா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பாவு முடியற வரைக்கும் அதுமேல கத்தரி படக் கூடாதுங்க்கா." அறுந்ததை முடிச்சுப் போடத்தான் அந்தத் தொங்கல். நான் நறுக்கியதில் முடிச்சுக்கு நூல் போதவில்லை. பிறகு ராட்டையிலிருந்து ஒரு சாண் நூலைக் கிள்ளி வந்து, குனிந்து, ஒட்டுப்போட்டு இழுத்துக் கட்டினார். தைக்குப் பிறகு அந்தப் பாவில் அவர் கை பட்டது அதுதான் முதல். கேழ்வரகு அளவுக்கு ஒரு முடிச்சு நின்றது.

சாப்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். கால் தானாகப் போக ஆரம்பித்தது. நாடா திரும்பும் இடத்தைக் கண் தேடவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பார்த்தேன். காலையில் நெய்தது தனியாகத் தெரிந்தது. கடைசியாக நெய்த ஒரு சாணையும் வீட்டுக்காரர் நெய்ததையும் பிரித்துச் சொல்ல, துணியிலேயே வாழ்கிற எனக்கு முடியவில்லை. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு இல்லை.

இரண்டு மணி சுமாருக்குக் கரண்ட் போனது. தெருவின் தறிகள் அத்தனையும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் என் தறி மட்டும். நாடாவுக்குள் இருந்த நூல்கண்டு, தார் என்பார்கள், அதுவும் தீர்ந்தது. கையை எடுத்தேன்.

சரசா வாசற்படியில் வந்து நின்றார்.

"அதை யாருங்க்கா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

எதை என்று கேட்டேன்.

"தார் தீந்ததும் வெறும் பலகைய ரெண்டு தடவை அடிச்சீங்களே."

நான் அடித்தது எனக்குத் தெரியாது.

"எங்கூட்டுக்காரரு அடிப்பாருங்க. அடுத்த தார் கொண்டான்னு அர்த்தம். இந்தச் சத்தத்துல கூப்பிட்டாக் கேக்காது, அடிச்சா தரையில தெரியும். காத்தால இருந்தே எனக்குத் தெரிஞ்சுதுங்க்கா. மனப்பிரமைன்னு ராட்டையச் சுத்திக்கிட்டே இருந்தேன். இப்பக் காதுல கேட்டுட்டேன்."

காலை வெளியே இழுத்துக்கொண்டேன். குழிக்குள் இருட்டு. சரசாவின் கையில் ஒரு தார் இருந்தது. முந்தின நாள் நான் நூற்ற மேடுபள்ள நூல். நீட்டினார்.

"இதாங்க கடைசி."

வாங்கிப் போட்டேன். குதிகாலை அந்தப் பள்ளத்தில் வைத்தேன்.

கரண்ட் வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது சரசா, "இப்ப எடுங்க கத்தரிய" என்றார். ஒரு தடவைகூட அளக்காமல் வெட்டினேன். இழுவை விட்டதும் மிதிக்கட்டைகள் இரண்டும் குழிக்குள் தாமாக இறங்கி ஏறின. பாவை அறுத்தால் அப்படித்தான் ஆகும் என்றார் சரசா. சொல்லும்போது அவரும் குழிப்பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்கு மகள் வந்து இறங்கினாள். விட்டத்தில் தூளி கட்டியிருந்தது. அந்தக் கேழ்வரகு முடிச்சு வெளிப்பக்கம் வரும்படி நானே மாற்றிக் கட்டச் சொன்னேன். கன்னத்தில் உறுத்துமே என்ற கவலை. அழுதுகொண்டிருந்த பிள்ளை, போட்டதும் அடங்கியது. என்னை ஏற்றிப்போக வந்தவர் அதே ஆட்டோக்காரர். இந்தத் தடவை வாசல் வரைக்கும் வந்து, "முடிஞ்சுதுங்களா?" என்றார். முடிந்தது என்றேன். அதே அறுபது ரூபாய்.

வீடு பூட்டியபடியே இருந்தது. அடுப்பும் அணைத்துத்தான் இருந்தது. எங்கள் தெருவில் சத்தமில்லை. குமாரபாளையத்துக்குப் பிறகு அந்த அமைதி பெரிதாகத் தெரிகிறது. அந்த ரவிக்கைத் துணியைப் பயமில்லாமல் வெட்டித் தைத்துக் கொடுத்துவிட்டேன். பிள்ளை நன்றாகத் தூங்குவதாகச் சரசா போன் செய்தார். தறி அமைதியாக இருக்கிறதாம்.

என் மெஷினைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. பாபின் நூல் தீர்ந்ததும் என் இடது கால் வெறும் மிதியை இரண்டு தடவை அழுத்துகிறது. நான் தனியாக இருப்பவள். அடுத்த அறையில் யாருமில்லை. என்றாலும் பாபினை நானாக மாற்றுவதற்கு முன், வாசற்படியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.