எந்தக் கைப் பழக்கம்

குன்னூர் ஆய்வுக்கூடத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒல்லியான உடம்பு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டர். கூண்டறைக் கதவைத் திறக்கும் முன் ஒருமுறை செருமுவார். சொல்லாமல் நுழைந்தால் அவை மிரண்டுவிடுமாம்.

நான் அந்தக் குரங்குகளின் மூளையைச் சீவி, கையை அசைக்கும் பகுதியின் நரம்பணுக்களில் நியூரோபெப்டைட் என்னும் ஒரு சிறு புரதத் துணுக்கு எவ்வளவு உண்டாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் இடப்பக்க மூளையில் அதிகம். இரண்டில் மட்டும் வலப்பக்கம். காரணம் புரியவில்லை. ஒருநாள் அவரும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க ஆசைப்பட்டார்.

“ஏனுங்க, இது எந்தக் கொரங்குங்க?”

“ஏழாம் நம்பர்.”

“அது எடக்கைலதானுங்க பழம் வாங்கும். நாலாம் நம்பரும் அப்படித்தானுங்க. மத்ததுக எல்லாம் சோத்தாங்கை.”

அட்டவணையைப் பார்த்தேன். வலப்பக்கம் அதிகமான இரண்டும் அவைதான். இடக்கையை அசைப்பது வலப்பக்க மூளை.

“ஏன் முன்னாடியே சொல்லலை நீங்க?”

“யாரும் கேக்கலீங்களே. உசுரோட இருக்கறப்பவே கேட்டிருந்தா, வெட்டாமயே சொல்லியிருப்பேனுங்க.”

கைப்பழக்கத்தை எங்கள் குழுவே கவனித்துக் குறித்ததாகக் கட்டுரையில் எழுதினேன். அச்சில் வந்ததும் அவரிடம் கொடுத்தேன். எண்களை மட்டும் விரலால் தேடிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்ற தைரியத்தில்தான் காட்டினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.