பிளக்ஸுக்கு ஒரு படம்

இங்கே அநேகமாகத் தினமும் யாராவது என்னைப் படம் எடுக்கிறார்கள். சாலையோரம் காரை நிறுத்தி, சரிவில் மிஷின் பிடித்துத் தேயிலைக் கொழுந்து வெட்டும் எங்களை நோக்கிப் போனைத் தூக்குவார்கள். சிலர் கையசைப்பார்கள், நானும் அசைப்பேன். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் போனில், பச்சை மலைக்கு நடுவே ஒரு புள்ளியாக நான் இருக்கிறேன். ஆனால் ஊருக்கு அனுப்ப என்னிடம் உருப்படியாக ஒரு படம் இல்லை.

காளையார்கோவில் பக்கம் என் சம்பாத்தியத்தில் ஒரு வீடு எழும்பியிருக்கிறது. அஸ்திவாரம் முதல் மாடிப்படி வரை எல்லாவற்றையும் போனில்தான் பார்த்தேன். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்தார்கள். வேலை பெர்மிட் புதுப்பிக்கப் போன என் பாஸ்போர்ட் மட்டும் வந்தபாடில்லை. எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியைக் கேட்டால், "சபார்லா, வந்தா கூப்பிடுறேன்" என்பார். சபார் என்றால் பொறுமை. இங்கே நான் முதலில் கற்ற மலாய்ச் சொல் அதுதான். கையில் காகிதம் இல்லாதவன் பக்கத்து டவுன் ரிங்லெட்டைத் தாண்டி மலையை விட்டுக் கீழே இறங்கப் பயப்படுவான். சுற்றுலா வருகிறவர்களுக்கு இது குளுகுளு மலை. எனக்கோ வாசல் வைக்க மறந்துபோன அறை.

என் மனைவி செல்விதான் ஒடிந்துபோனாள். "புருசனும் பொண்டாட்டியுமா வலது காலை எடுத்து வைக்கணுமாம். நான் மட்டும் எப்படிப் போக?" என் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள் என்றேன். வந்ததே கோபம். "சட்டம் போட்ட படத்தைப் பக்கத்துல வச்சா பாக்குறவுக என்ன நினைப்பாக? வாயக் கழுவுங்க. வாசல்ல பிளக்ஸ் வைப்போம். கும்பிட்டபடி முழுசா நில்லுங்க. வந்தவுகளை நீங்களே வாங்கன்னு கூப்பிடுற மாதிரி இருக்கும்."

என் போனின் லென்ஸுக்குள் மலைப்பனி புகுந்து எல்லாப் படமும் மங்கல். அவற்றைப் பார்த்த ஊர் பிளக்ஸ் கடைக்காரர், "பெருசாக்குனா உடையுதுண்ணே. வெள்ளைச் செவுத்துல நின்னு கேமராவுல எடுத்து அனுப்புங்க" என்றார். சொன்னதை அப்படியே நம்பி, ரிங்லெட்டில் பழைய போன் விற்கும் கடையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கினேன். பேட்டரி மூடியை ரப்பர் பேண்டுதான் பிடித்திருந்தது. "இப்போ கே.எல். சிட்டி பிள்ளைங்க இதைத்தான் தேடி வாங்குதுங்கலா. ஸ்டைல்!" என்றார் கடைக்காரர். மலைக்குளிரில் பேட்டரி படுத்துவிடும். அக்குளில் இடுக்கிச் சூடாக்கினால் நாலைந்து படம் எடுக்கலாம். அதைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் தேதி பழையபடி ஏதோ ஒரு ஜனவரி ஒன்றில் போய் நின்றுகொள்ளும். அதைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை; நானும் அப்படித்தானே நின்றுகொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவைப் படம் எடுக்கச் சொன்னேன். இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவர். ஊருக்குப் போகும்போது போடலாம் என்று பெட்டியில் வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்டோரின் வெள்ளைச் சுவரில் விறைப்பாக நின்றேன். காலில் வேலைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ்தான். கொண்டுவந்த செருப்பு எப்போதோ அறுந்துவிட்டது.

"பின்னாடி தேயிலை அழகா இருக்கே, செவுத்துல ஏன் நிக்கிற?" என்றவர், சட்டென்று முகம் மலர்ந்து கேட்டார்: "ஓ, பாஸ்போர்ட் படமா? ஊருக்குப் போறியா தம்பி?"

அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு வெகுநாளாகியிருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன். பிறகு பிளக்ஸுக்காகக் கைகளைக் குவித்தேன்.

"நல்லா கும்பிட்டுக்கோ. பத்திரமா போய்ச் சேரு" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினார். மறுநாள் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளைக் கையில் திணித்தார், என் சம்சாரத்துக்காம். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

படத்தைக் கேமரா விற்ற கடைக்காரரே கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிக்கொடுத்தார்.

விழா நேரத்தில் இங்கே விடிந்து வேலை தொடங்கியிருந்தது. சரிவில் நின்று போனில் வீடியோ காலைப் பார்த்தேன். வாசலில் என்னைவிட உயரமாக நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். முகமும் வெள்ளைச் சட்டையும் என்னுடையவை. இடுப்புக்குக் கீழே மட்டும் கரை வைத்த வேட்டி, பளபளக்கும் தோல்செருப்பு.

"பூட்ஸு நல்லா இல்லைன்னு பிளக்ஸ் கடைக்காரரு வேற யாரோட காலையோ ஒட்டிட்டாராம்" என்று செல்வி சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுதாள். யாரோ நேரமாச்சு என்று கூப்பிட்டார்கள். அவள் பிளக்ஸில் கும்பிட்டு நின்ற அந்த ஆளின் பக்கத்தில் வந்து நின்றாள், கையில் குத்துவிளக்கோடு.

செல்வி வலது காலை எடுத்து வைத்தாள்.

நானும் இங்கே வலது காலை எடுத்து வைத்தேன். சேறு பூட்ஸைக் கணுக்கால் வரை இழுத்துக்கொண்டது.