நாத்தனார் அடித்த மூன்றாம் பக்கம்

என் நாத்தனார் ஓர் அச்சகத்தில் இருபத்தாறு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அது அவருக்காகவே சொன்னது. கல்யாணப் பத்திரிகையோ பள்ளிப் பாடநூலோ, அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் நான் எழுதி ஒட்டியிருந்த காய்கறிப் பட்டியலில் ஓர் எழுத்தைத் திருத்தி வைத்திருந்தார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேல்தான் இருக்கும். "இதைத் திருத்தினா கத்தரிக்காய் விலை குறையுமா அண்ணி?" என்று கேட்டேன்.

"குறையாது. படிக்க நல்லா இருக்கும்," என்றார்.

சர்ச்சில் இன்னும் மோசம். ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுப்பார். இவர் கையைக் கொடுத்துக்கொண்டே, "ஐயா, நீங்க சொன்ன வசனம் பன்னிரண்டு இல்ல, பதிமூணு," என்பார். பாவம் அந்த மனுஷர், வரிசையில் இவர் வருவதைப் பார்த்தாலே அவர் சிரிப்பு பாதியாகிவிடும். ஆனால் சபையில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், ஜெபம் பண்ணச் சொல்லி முதலில் தேடி வருவதும் இவரைத்தான். கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடுதான் இருக்கிறார். அவர் மேல் எனக்கு எவ்வளவு எரிச்சலோ அவ்வளவு பாசம். இரண்டையும் நான் மறைத்ததில்லை.

போன மாதம் பெண்கள் ஞாயிறு வந்தது. அன்றைக்கு மட்டும் பிரசங்கம் ஒரு பெண்ணுடையது. ஜெபத்தைப் பற்றிப் பேசச் சொல்லி நாத்தனாரைப் போதகரே கேட்டார். மனுஷர் பழி வாங்குகிறார் என்று நான் சொன்னேன். நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினார்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் நான் வெங்காயம் நறுக்க, அவர் எதிரே நின்று வாசித்துக் காட்டினார். முதல் இரண்டு பக்கமும் நன்றாகவே இருந்தன. நாம் கேட்பதற்கு முன்பே நம் தேவை ஆண்டவருக்குத் தெரியும், தெரிந்தும் நம் வாயால் கேட்கச் சொல்கிறாரே, பிள்ளையின் குரலைக் கேட்கத் தகப்பனுக்கு ஆசை இருக்காதா என்று எழுதியிருந்தார். பரவாயில்லையே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். "எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. திருமணமாகி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆறு நாள் இருந்தது. சபையே கூடி ஜெபித்தும் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்தச் சகோதரி இன்றுவரை ஜெபத்தில் உறுதியாக நிலைத்திருக்கிறாள்."

அந்தச் சகோதரி நான்தான். அது ஏழு வருஷத்துக்கு முந்தி நடந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"நான் உறுதியா நிலைச்சிருக்கேன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? ஒரு வாரம் விடாம சர்ச்சுக்கு வர்ற. என் பக்கத்துலதான கண்ணை மூடி உக்கார்ற."

"கண்ணை மூடிக்கிட்டு ஃபேன் சுத்துற சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பேன் அண்ணி. அந்த ஆறாம் நாளுக்கு அப்புறம் ஆண்டவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. ஊர் எழுத்தெல்லாம் சரி பாக்கறீங்களே, இதை என்கிட்ட ஒரு தடவை கேட்டிருக்கலாமே. என் பொண்ணை உதாரணம் ஆக்காதீங்க. அதுலயும் பொய் உதாரணம் ஆக்காதீங்க."

கட்டினவரிடம்கூடச் சொல்லாததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். நாத்தனாரின் முகம் சுண்டிப்போனது. சிவப்புப் பேனாவை எடுத்தார், மூன்றாம் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு போட்டார். தன் அறைக்குப் போய்விட்டார். விசுவாசமே உயிர் என்று இருக்கிற மனுஷியிடம் எனக்கு அது இல்லை என்று சொல்லிவிட்டேன். இனி என்னை என்ன கண்ணோடு பார்ப்பாரோ, நாளைக்கு என்னை மனதில் வைத்துப் பீடத்தில் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

ஞாயிறன்று பீடத்தில் ஏறினார். முதல் இரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தார். தாளைத் திருப்பினார், நின்றுவிட்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இந்தப் பக்கத்துல ஒரு பெரிய பிழை," என்றார் நாத்தனார். "இன்னொருத்தர் துக்கத்தை எடுத்து, அவங்களைக் கேக்காம, எனக்குப் பிடிச்ச மாதிரி முடிவு எழுதிட்டேன். யோபுவோட சிநேகிதங்க ஏழு நாள் பேசாம அவர்கூடத் தரையில உக்காந்திருந்தாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டாங்க. நானும் வாயைத் திறந்துட்டேன். அவங்க என்னை மன்னிக்கணும். மீதிப் பக்கத்தை வாசிக்கிற தகுதி இன்னிக்கு எனக்கு இல்ல."

இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். போதகர் திகைத்துப்போய் அவசரமாக ஒரு பாட்டு எண்ணைச் சொன்னார். எங்கள் சபையில் அவ்வளவு சின்னப் பிரசங்கத்தை யாரும் கேட்டதில்லை. நான் பாடவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அது ஐஸ் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நான் டீயை அடுப்பில் ஏற்றினேன். நாத்தனார் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து மேசை மேல் விரித்தார். ஜெபிக்க வேண்டியவர்களை அதில் எழுதி வைக்கிறாராம். வரிக்கு ஒரு ஆள், பதில் கிடைத்தால் அந்த வரியை அடித்துவிடுவாராம். "இதை நீ பாக்கணும்," என்று ஒரு வரியைக் காட்டினார். "தம்பி மகள். பிழைக்க வேண்டும்" என்று இருந்தது. சிவப்பில் அடித்திருந்தார். அடியில் வரிசையாகப் புள்ளிகள் வைத்திருந்தார்.

"இது என்ன புள்ளி?"

"எங்க வேலையில, அடிச்சது தப்பு, இருந்தது அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். ஆறாம் நாள் அடிச்சேன். மறுநாள் மனசு கேக்கல."

"போன பிள்ளைக்கு என்ன ஜெபம் பண்ணுவீங்க?"

"ஜெபமா? ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு கேப்பேன். தினமும் இந்த வரி வரும்போது கேப்பேன். இன்னும் பதில் வரல."

ஏழு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான் ஆண்டவரோடு மல்லுக்கு நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். எனக்கு அழுகை பீறிட்டது. டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, இரண்டு பேரும் அசையவில்லை. அங்கேயே நின்றுகொண்டு, கண்ணைக்கூட மூடாமல், ஆண்டவரிடம் பேசினேன். பால் குடிக்கக்கூடச் சரியாகத் தெரியாத பிள்ளை அது, உமக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். ஒரு வார்த்தையிலும் மரியாதை இல்லை.

நான் முடிக்கும்வரை நாத்தனார் தலை குனிந்து நின்றார். முடித்ததும், "ஆமென்," என்றார்.