இடது மூலை

இன்றைக்கும் என் சொந்தப் பட்டறையில் பச்சைத் தோலின் வாடை எழும்பினால், எண்பதுகளில் தாராவியில் எங்கள் ஊர்க்கார பாய் நடத்திய வீடியோ கேம் கடையும் அதன் புழுக்கமும் டுப் டுப்பென்ற வெடிச்சத்தமும் கூடவே வந்துவிடுகின்றன. அப்போது வேலை பார்த்த தோல் பட்டறையிலிருந்து நேரே அங்கே போவேன். "செத்த மாடு வருதுல!" என்று பையன்கள் மூக்கைப் பொத்தி, கைப்பிடி வலப்பக்கம் திரும்பாத ஓட்டை மெஷினுக்கு என்னைத் தள்ளுவார்கள். அதில் இடது மூலையிலேயே கிடந்த என் விண்கலத்தின்மேல் ஒரு குண்டும் படவில்லை. மெஷினைச் செய்தவனுக்கே தெரியாத அந்த இடத்தைக் கண்டுபிடித்தவன், மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான்.

ஒரே காசில் கடை சாத்தும்வரை ஆடினேன். பாய் பிளக்கில் கைவைத்தார்.

"ஏல, என்ன மாயம்ல பண்ணுத? சொல்லு, இல்லன்னா இனிமே உள்ள கால் வைக்காத."

எனக்கிருந்த ஒரே சந்தோஷம் அந்தக் கடை.

"சொல்ல மாட்டேன் பாய். புடுங்கிக்கோங்க."

பிடுங்கினார். மறுநாள் வாசலில் நின்று பார்த்தேன். என் மெஷினைச் சுற்றி அத்தனை பேரும் முண்டியடித்தார்கள். பாய் அதற்குப் புதுக் கைப்பிடி மாட்டியிருந்தார். எல்லோரும் வலப்பக்கம் ஓடி ஓடிச் செத்தார்கள்.

கடை இருந்த இடத்தில் இப்போது கட்டடம். ரகசியத்தைச் சொல்லிவிட்டேன், முடிந்தால் போய் ஆடிப் பாருங்கள்.